பீச் ஹவுஸின் 'டிவோஷன்' வந்தபோதே கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே, ஒரு உதவி. அமெரிக்காவின் பால்டிமோர் நகர இருவர் இசைக்குழுவான பீச் ஹவுஸ் எனக்கு அறிமுகமானதே 2010இல் வந்த 'டீன் ட்ரீம்' வழியாகத்தான், இப்போது பின்னோக்கிப் போய் 2008 பிப்ரவரியில் வந்த இரண்டாவது ஆல்பம் 'டிவோஷன்' கேட்கிறேன், விட முடியவில்லை. விக்டோரியா லெக்ராண்டின் குரலும் ஆர்கனும், அலெக்ஸ் ஸ்காலியின் ஸ்லைடு கிட்டார், சோம்பலான டிரம் மெஷின், அவ்வளவுதான்! இதில் 'ஹார்ட் ஆஃப் சேம்பர்ஸ்' பாட்டு மட்டும் நேற்று ஏழு தடவை.

இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் அப்போதே நன்றாகப் பாராட்டியிருந்தது, சரி. ஆனால் 2006இல் வந்த முதல் ஆல்பத்தை விரும்பியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜான்ஸ்டனின் பாட்டை இவர்கள் இதில் பாடியது பிடித்ததா? அந்தக் கால அச்சுப் பத்திரிகை விமர்சனம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்களேன். அப்புறம், வினைல் இசைத்தட்டு வைத்திருப்பவர்கள், ஒலி எப்படி என்றும் சொல்லுங்கள்.