ஓர்கனில் ‘ஸ்ரொப்’: தமிழில் என்ன?

வவுனியாவிலிருந்து:
வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஒல்லாந்தர் 1757இல் முடித்த கோயில். உள்ளே குழல் ஓர்கன் இருக்கிறது, துருத்திக் காற்றால் குழல் வரிசைகள் ஒலிக்கும் பெரிய வாத்தியம். விளக்கத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எந்தக் குழல் வரிசை ஒலிக்கவேண்டும் என்று தெரியும் குமிழை ஆங்கிலத்தில் ‘ஸ்ரொப்’ (stop) என்பார்கள்; அதற்குத் தமிழ் தெரியாமல் நிற்கிறேன். ‘நிறுத்தி’ பிழை. குமிழை இழுத்தால் துளையிட்ட பலகை நகர்ந்து, துளையும் குழலின் காலும் நேராகும். அப்போதுதான் அந்த வரிசைக்குக் காற்று ஏறும். தள்ளினால்தான் அடைபடும்.

மல்லாவியிலிருந்து:
ரீச்சர், ‘தாழ்’ இருக்கிறதே! ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்’ படித்த பிள்ளைகள்தானே. ‘குழல்தாழ்’ என்று போடுங்கள். துருத்திக்கும் குறுந்தொகை 172இல் ‘மிதிதோல்’ உண்டு, உலைக்குக் காலால் மிதித்து ஊதுவது. ஐரோப்பாவில் ஓர்கன் துருத்தியையும் ஆள் ஏறி மிதித்த காலம் இருந்தது. சொல் அப்படியே பொருந்துகிறது.

முழங்காவிலிலிருந்து:
மிதிதோல் அழகுதான், ஆனால் பிள்ளைக்குத் துருத்தி போதும். தாழ் வேண்டாம் ஐயா. 8 அடிக் குழலைவிட 16 அடிக் குழல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதே தாளில் ‘தாழ்’ என்று கண்டால் சுருதி தாழ்வதென்றே வாசிப்பார்கள். எங்கள் கோயில் ஆர்மோனியத்தில் ஒரு குமிழ் உடைந்து, பனஞ்சிராம்பு செருகியிருக்கிறோம். பாடுகிற பிள்ளைகள் அதை ‘இழுகட்டை’ என்கிறார்கள்.

மல்லாவியிலிருந்து:
‘ஐந்து கட்டை’ என்றால் சுருதி அல்லவா? அந்தக் குழப்பம் மட்டும் பரவாயில்லையா?

புதுக்குடியிருப்பிலிருந்து:
மேசை லாச்சி ஒல்லாந்தச் சொல். குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியை ஒல்லாந்தர் ‘விண்ட்லாடெ’ என்பார்கள்; விண்ட் காற்று, லாடெதான் நம் லாச்சிக்கு மூலம். ஒல்லாந்தர் கோயிலைப் பற்றி எழுதும்போது ‘காற்றுலாச்சி’ என்றால் என்ன? எங்கள் வீட்டுச் சொல் அது.

வவுனியாவிலிருந்து:
லாச்சி என்றால் இழுத்துத் திறப்பார்கள் என்று நினைப்பார்கள் அண்ணை, காற்றுப்பெட்டி என்றே விடுகிறேன். ஆங்கிலத்தில் கைப்பிடிக்கும் குழல் வரிசைக்கும் ஒரே சொல், சிக்கல் அங்கேதான். இழுப்பது ‘இழுகுமிழ்’, ஒலிப்பது ‘குழலணி’. சரியா? நாளை கொடுக்கவேண்டும்.

முழங்காவிலிலிருந்து:
சரி.

புதுக்குடியிருப்பிலிருந்து:
சரி, அச்சுக்கு விடுங்கள்.

மல்லாவியிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. ஒரே குமிழை இழுத்தால் மூன்று நான்கு அணிகள் சேர்ந்து ஒலிக்கும் கலவையும் ஓர்கனில் உண்டு. ஒரு பிள்ளை அதைக் கேட்டால் எந்தச் சொல்லைக் காட்டுவீர்கள்? தாழ் என்றால் எத்தனை அணியையும் திறக்கும்.