வீடு முழுக்க விளம்பரத் தடுப்பு: எங்கே ஒழுகுகிறது, எங்கே உடைகிறது (அனுபவப் பகிர்வு)

கம்பிவடம்:
பை-ஹோல், அட்கார்ட் ஹோம் (வீட்டில் ஒரு சிறு கணினியில் ஓடி, விளம்பரத் தளப் பெயர்களுக்கு முகவரி தராமல் மறுக்கும் தடுப்பான்கள்), எதை ஓட்டினாலும் சரி. அறிகுறி, காரணம், தீர்வு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "சூப்பரா ஓடுது" என்று மட்டும் போட்டால் அடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அதிகம் வரும் புகாரிலிருந்து தொடங்கலாம்: பாதி விளம்பரம் போகிறது, பாதி தடுப்பைத் தாண்டி ஒழுகி வருகிறது. ரவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வசதி) பக்கத்தைத் திறந்தால் முதல் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) கட்டத்தில் பை-ஹோல் முகவரி இருக்கும், இரண்டாவதில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 இருக்கும். முதலாவது செத்தால்தான் இரண்டாவதுக்குப் போகும் என்ற நம்பிக்கையில் போட்டது. அந்த உத்தரவாதம் பல சாதனங்களில் கிடையாது. ஒருமுறை பதில் தாமதமானாலே இரண்டாவதுக்குத் தாவி, அங்கேயே தங்கிவிடும் சாதனங்கள் உண்டு. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட ரவுட்டர் சம்மதிக்காவிட்டால் அதே முகவரியை மறுபடி போடுங்கள்.

மாற்றியவுடன் பலன் தெரியாது. லீஸ் (சாதனம் முகவரியை வைத்துக்கொள்ளும் காலம்) 24 மணி நேரம் என்றால், அதைப் புதுப்பிக்கும் வரை பழைய டிஎன்எஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் புதியது வந்துவிடும். தடுப்பானுக்கு நிலையான ஐபி கொடுங்கள். அது டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கட்டும். வரம்பு (முகவரியின் கடைசி எண்) 100 முதல் 200 வரை என்றால் 192.168.1.2 மாதிரி.

இரவுப்பணி:
டிஎன்எஸ் கட்டமே இல்லாத ரவுட்டர்களும் இருக்கு. அங்கே ரவுட்டரின் டிஎச்சிபியை அணைச்சிட்டு பை-ஹோலோடதைப் போடணும். ரெண்டும் சேர்ந்து ஓடினா எந்தச் சாதனம் யாரிடம் முகவரி வாங்குதுன்னே சொல்ல முடியாது.

ஆறாம்பதிப்பு:
ஐபிவி4 (192.168 மாதிரியான பழைய முகவரி முறை) பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால், புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐப் பாருங்கள். போனின் நெட்வொர்க் விவரத்தில் டிஎன்எஸ் வரியில் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி ஒன்று கூடுதலாக இருக்கும். அது ரவுட்டர்தான். டிஎச்சிபியில் நீங்கள் என்ன எழுதினாலும், ரவுட்டர் தன் அறிவிப்புச் செய்தியில் "டிஎன்எஸ் நான்தான்" என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டிஎச்சிபிவி6-இல் (ஐபிவி6-க்கான டிஎச்சிபி) மட்டும் மாற்றினால் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது போய்ச் சேராது. அறிவிப்பிலேயே மாற்ற வேண்டும். அங்கே பொது ஐபிவி6 முகவரியைக் கொடுக்காதீர்கள். இணைய நிறுவனம் முன்னொட்டை (முகவரியின் முதல் பகுதியை) மாற்றினால் அது செல்லாக்காசு. எஃப்டி என்று தொடங்கும் உள்வீட்டு முகவரியைத் தடுப்பானுக்கு வைத்து அதைக் கொடுங்கள். ரவுட்டரில் இந்த வசதியே இல்லையென்றால் வீட்டுக்குள் ஐபிவி6-ஐ அணைப்பதுதான் வழி. அழகான தீர்வு இல்லை, ஆனால் ஒழுகாது.

சுவர்_துளை:
அடுத்த ஒழுகல், சாதனமே தன் டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது.

ஃபயர்ஃபாக்ஸ் தானாக டிஎன்எஸ் கேள்விகளை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் (தளங்களைத் திறக்கும் மறைகுறியாக்கிய இணைப்பு) ஒளித்து அனுப்பும் முன், இதற்கென ஒதுக்கிய ஒரு டொமைனை வீட்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்கும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பதில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். பை-ஹோல் அந்தப் பதிலை இயல்பாகவே தருகிறது. ஆனால் பயனரே செட்டிங்ஸில் போய் அதை இயக்கியிருந்தால் இந்த ஏற்பாடு செல்லாது. ஐபோனின் பிரைவேட் ரிலேவுக்கும் (இணையப் போக்குவரத்தை ஆப்பிள் வழியாக மறைத்து அனுப்பும் வசதி) பை-ஹோல் இதே பதிலைத்தான் சொல்லும்; "இந்த நெட்வொர்க்கில் இயங்காது" என்று போன் ஓர் அறிவிப்புக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் கேள்விகளை மறைகுறியாக்கி அனுப்பும் அமைப்பு) "தானியங்கி"யில் இருந்தால் தொல்லையில்லை. ஒரு சர்வர் பெயரைக் கையால் எழுதியிருந்தால் பொதுவாக போர்ட் 853 (மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸுக்கான வாசல் எண்) வழியாக நேரே போய்விடும். ரவுட்டரில் 853-ஐ அடைக்கலாம்; அடைத்தால் அந்தப் போனுக்கு இணையமே நிற்கலாம், ஏனென்றால் அந்த முறையில் அது சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு இறங்கி வராது. வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

8.8.8.8-ஐ உள்ளுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் டிவிப் பெட்டிகளுக்கு, வெளியே போகும் போர்ட் 53-ஐ (சாதாரண டிஎன்எஸ்ஸின் வாசல்) ஃபயர்வாலில் தடுப்பான் பக்கம் திருப்பிவிட வேண்டும். இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, தடுப்பானின் சொந்த ஐபிக்கு விலக்கு கொடுக்காவிட்டால் அதன் கேள்வியே அதனிடம் திரும்பி வந்து சுற்றும். இரண்டு, டிவியும் தடுப்பானும் ஒரே சப்நெட்டில் (ஒரே உள்முகவரி வட்டத்தில்) இருந்தால், 8.8.8.8-இடம் கேட்ட டிவிக்கு 192.168.1.2-இடமிருந்து பதில் வரும். டிவி அதைத் தூக்கி எறிந்துவிடும். மாஸ்கரேட் விதியையும் (கேள்வி ரவுட்டரிடமிருந்து வருவதாகக் காட்டும் விதி) சேர்த்தால்தான் வேலை செய்யும். பிறகு தடுப்பானின் பதிவேட்டில் அந்தக் கேள்விகள் ரவுட்டர் பெயரில் தெரியும்.

புதுவரவு:
யூடியூப் விளம்பரம் மட்டும் போகவே மாட்டேங்குது. எந்தத் தடைப் பட்டியல் போடணும்?

சுவர்_துளை:
எதுவும் உதவாது. வீடியோ வரும் டொமைனிலிருந்தேதான் விளம்பரமும் வருகிறது. டிஎன்எஸ்ஸுக்கு பெயர் மட்டுமே தெரியும். பிரவுசருக்குள் ஓடும் தடுப்பான் தனியாகத் தேவை.

வடிகட்டி:
ஒழுகலைவிட, தப்பாக அடைபடுவதில்தான் வீட்டில் சண்டை வரும். ஒரு ஆப் திறக்கவில்லையா? பதிவேட்டில் அந்தச் சாதனத்தை மட்டும் வடிகட்டி, ஆப்பைத் திறந்து, கடைசி அரை நிமிடத்தின் சிவப்பு (தடுக்கப்பட்ட) வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றாக அனுமதியுங்கள், மொத்தமாக அனுமதித்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு முறையும் ஆப்பை முழுக்க மூடித் திறங்கள். பை-ஹோலின் தடைப் பதிலுக்கு ஆயுள் 2 நொடிதான், ஆனால் ஆப்களும் பிரவுசர்களும் தனியே நினைவில் வைத்திருக்கும்.

யூடியூபில் பார்த்த வரலாறு பதிவாகவில்லை என்றால் எஸ்.யூடியூப்.காம் அடைபட்டிருக்கும். இணையம் ஓடும்போதே விண்டோஸ் "இணையம் இல்லை" என்று காட்டினால் அதன் இணைப்புச் சோதனை டொமைன் அடைபட்டிருக்கலாம்.

ரெஜெக்ஸில் (எழுத்துக்கோலத்தை வைத்துத் தடுக்கும் விதி) கவனம். "ஆட்ஸ்" என்பதன் மூன்று எழுத்துகள் எங்கே வந்தாலும் தடு என்று எழுதினால் "டவுன்லோட்ஸ்", "த்ரெட்ஸ்" எல்லாம் அதில் மாட்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த மூன்றும் உள்ளே இருப்பதால்.

பட்டியல்களைக் குவிக்காதீர்கள். நிறுவும்போது வரும் ஸ்டீவன் பிளாக் பட்டியலோடு ஓஐஎஸ்டி, ஹகேசி இரண்டில் ஒன்று போதும். இருபது பட்டியலில் ஒரே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தடுத்த சதவீதமும் மதிப்பெண் அல்ல. பதில் கிடைக்காத ஒரு டிவி சில நொடிக்கு ஒருமுறை அதையே கேட்டுக்கொண்டிருந்தால் சதவீதம் ஏறும், அவ்வளவுதான்.

கடிகாரமுள்:
மின்தடைக்குப் பிறகு வீட்டில் எந்தத் தளமும் திறக்காத நிலை, அன்பவுண்ட் (மூல டிஎன்எஸ் சர்வர்களிடம் நேரே கேட்டு விடை தேடும் நிரல்) சேர்த்து ஓட்டுபவர்களுக்கு. தடுப்பான் ஓட்டப் பயன்படும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 4 வரை உள்ளவற்றில் தனிக் கடிகாரம் கிடையாது. எழும்போது நேரம் பின்தங்கியிருக்கும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் உண்மையா என்று சரிபார்க்கும் முறை) கையொப்பங்களுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்பதால் தப்பான நேரத்தில் எல்லாமே செல்லாததாகத் தெரியும். நேரத்தைத் திருத்த நேர சர்வரின் பெயர் வேண்டும். பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். நேர சர்வரைப் பெயராக இல்லாமல் ஐபியாகக் கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும். பல ரவுட்டர்களே என்டிபி (சரியான நேரம் தரும் சேவை) தருகின்றன, அதைக் காட்டலாம்.

எஸ்டி கார்டு சீக்கிரம் சாகாமல் இருக்க, பதிவேட்டை டிஸ்கில் எழுதும் இடைவெளியை 60 நொடியிலிருந்து 3600 ஆக்குங்கள். மின்சாரம் போனால் ஒரு மணி நேரப் புள்ளிவிவரம்தான் போகும். ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2 தருவது 500 மில்லியாம்ப். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர் வேண்டும். குறைவான மின்னழுத்தத்தில் கார்டில் எழுதும்போதுதான் ஃபைல் கெடும்.

இரவுப்பணி:
திடீர்னு மொத்த வீடும் நின்னு, ஒரு நிமிஷத்துக்குள்ள தானா திரும்பி வந்தா வேகவரம்பைப் பாருங்க. பை-ஹோல் ஒரு சாதனத்துக்கு 60 நொடியில 1000 கேள்விதான் ஏத்துக்கும், மேலே போனா மறுத்துடும். ரவுட்டரின் இணையப் பக்க டிஎன்எஸ்ல பை-ஹோலைப் போட்டிருந்தா வீட்டுக் கேள்வி எல்லாம் ரவுட்டர் என்ற ஒரே சாதனமாத்தான் தெரியும். வரம்பை ஏத்துறதைவிட டிஎச்சிபி வழியா முகவரியைக் கொடுங்க. யார் எதைக் கேட்டாங்கன்னும் தனித்தனியாத் தெரியும்.

இதோட இன்னொரு கோளாறும் சேரும். பை-ஹோல் தனக்கு விடை தெரியாததை மேலே ரவுட்டரைக் கேட்க, ரவுட்டர் திரும்ப பை-ஹோலைக் கேட்டா ஒரே கேள்வி ஆயிரமாப் பெருகும். மேல் சர்வரா ரவுட்டரை வைக்காதீங்க.

கம்பிவடம்:
வெளியூரிலும் தடுப்பு வேண்டுமென்று ரவுட்டரில் போர்ட் 53-ஐ வெளியே திறந்துவிடுபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். சிறிய கேள்விக்குப் பெரிய பதில் வாங்கி, அதை வேறொருவர் மேல் கொட்டும் தாக்குதலுக்கு உங்கள் பெட்டி கருவியாகும். வயர்கார்ட் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்) போட்டு யுடிபி போர்ட் 51820-ஐ மட்டும் திறங்கள். போனின் வயர்கார்ட் அமைப்பில் டிஎன்எஸ் வரியில் தடுப்பானின் உள்முகவரியை எழுதி, அனுமதித்த முகவரிகளில் அதை மட்டும் விட்டால் மற்ற டேட்டா வழக்கம்போல் நேரே போகும்.