மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது: வெள்ளவத்தை வாடகை வீடு, அவசர உதவி தேவை

ஈரச்சுவர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். நான்கு நாட்களாக இரவில் வீட்டில் கரண்ட் நின்றுவிடுகிறது. சுவிட்சை மீண்டும் உயர்த்தினால் சில வேளை நிற்கும், சில வேளை கையை எடுப்பதற்குள் விழுந்துவிடும். மின்கேத்தலில்தான் கோளாறு என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினோம், பயனில்லை. வீட்டுக்காரர் அழைத்துவந்த வயரிங் பாஸ் (மின்வேலைக்காரர்), பகலில் பலகையைத் திறந்து டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றும், இனியும் விழுந்தால் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகவும் சொல்லிச் சென்றார். வீட்டில் சிறு பிள்ளை இருக்கிறது. அம்மாவின் மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பழையமீற்றர் எழுதியது:
எது விழுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பலகையின் தொடக்கத்தில் சோதனைப் பொத்தானோடு இருக்கும் அகலமான ட்ரிப் சுவிட்சா, அதற்கு அடுத்து வரிசையாக நிற்கும் சிறிய சுற்றுடைப்பான்களில் ஒன்றா? தனி வீடா, தொடர்மாடியா, அனெக்ஸா? மீற்றர் உங்களுக்கென்று தனியாக உண்டா? விழும் நேரத்தில் மழை பெய்து கொண்டிருக்கிறதா, பெய்து ஓய்ந்த பிறகா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது சோதிடம்தான்.

கடற்காற்று எழுதியது:
வெள்ளவத்தை என்றால் யோசிக்கவே தேவையில்லை, உப்புக் காற்றுதான் காரணம். எங்கள் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. ஐந்து வருடம் போன பிளக் பொயிண்டைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். எல்லாப் பொயிண்டுகளையும் மாற்றிவிடுங்கள், நின்றுவிடும்.

தெஹிவளை வாசகி எழுதியது:
எனக்கென்னவோ குளிர்சாதனப் பெட்டியின் மீதுதான் சந்தேகம். பனி தானாக உருகும் வகைப் பெட்டிகளில், பனியை உருக்குவதற்கென உள்ளே ஒரு சூடாக்கி உண்டு. அதற்குள் ஈரம் இறங்கினால், அது இயங்கத் தொடங்கும் நேரத்தில் மட்டும் ட்ரிப் விழும். அது நேரக் கணக்கில் இயங்குவதால், காரணமில்லாமல் விழுவது போலவே தோன்றும். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அலைந்த பின்னரே கண்டுபிடித்தோம். பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓர் இரவு பாருங்கள், சகோதரி. மருந்தை மட்டும் அயல்வீட்டில் வைக்கலாம்.

துறைமுகத்தான் எழுதியது:
இதே கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்கும் பொறுமை எவருக்கும் கிடையாது. சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் உயிர்க்கம்பி (லைவ்), நொதுமல் கம்பி (நியூட்ரல்), புவிக்கம்பி (எர்த்) என்று மூன்றையும் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். அதைப் புரட்டிப் பார்த்தவர் இரண்டாவது கேத்தல் வாங்கியிருக்க மாட்டார். உப்பு, குளிர்சாதனப் பெட்டி என்று ஆளுக்கொரு பூதத்தைக் கிளப்புவதை நிறுத்திவிட்டு, பழையமீற்றர் கேட்டவற்றுக்கு விடை வரும்வரை காத்திருங்கள்.

ஈரச்சுவர் எழுதியது:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். விழுவது பொத்தானுள்ள அகலமான சுவிட்ச். அதில் 40 அம்பியர் என்றும் 30 மில்லியம்பியர் என்றும் பொறித்திருக்கிறது. மேல்மாடி அனெக்ஸ், மீற்றர் எங்களுக்குத் தனி. மாலையில் இடியோடு மழை பெய்கிறதல்லவா, அதற்குப் பிறகு ஏழு மணியளவில் தொடங்குகிறது. பதினொரு மணிக்குப் பின் பெரும்பாலும் விழுவதில்லை. சிறிய சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாக இறக்கியும் பார்த்தேன், எதை இறக்கினாலும் விழுகிறது. நேற்று எல்லாவற்றையும் இறக்கிய பின்னரும் ஒரு முறை விழுந்தது. கேத்தலைப் போட்டால் மட்டும் நிச்சயமாக விழும், பழைய கேத்தலானாலும் புதியதானாலும்.

மூன்றுபின் எழுதியது:
எல்லாவற்றையும் இறக்கிய பின்னரும் விழுகிறது என்றால் ட்ரிப் சுவிட்சே பழுது. மாற்றுங்கள், வேலை முடிந்தது.

பழையமீற்றர் எழுதியது:
மூன்றுபின் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் பழுதான சுவிட்சுக்கு மழையும் தெரியாது, மணியும் தெரியாது. சகோதரி இப்போது கொடுத்த விவரங்களில் விடை பாதிக்கு மேல் இருக்கிறது. எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. உயிர்க்கம்பி வழியே வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் நொதுமல் கம்பி வழியே திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஒப்பிட்டுக் கொண்டேயிருக்கும். வித்தியாசம் 30 மில்லியம்பியரை எட்டுவதற்குள், பொதுவாக அதில் பாதியைத் தாண்டிய பிறகு, எங்கோ மண்ணுக்குள் ஒழுகுகிறது என்று கொண்டு விழுந்துவிடும். உயிர்க்கம்பியிலிருந்து ஒழுகினால்தான் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். நொதுமல் கம்பி எங்காவது புவிக்கம்பியைத் தொட்டாலும் அது விழும், ஏனெனில் திரும்பி வரவேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி புவி வழியே பிரிந்து போய்விடுகிறது.

நம் வீட்டுப் பலகைகளில் உள்ள சிறிய சுற்றுடைப்பான்கள் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. நொதுமல் கம்பிகள் எல்லாம் ஒரே உலோகப் பட்டையில் சேர்ந்தபடியே இருக்கும். ஆகவே நீங்கள் எதை இறக்கினாலும் அந்தத் தொடுகை அப்படியே இருக்கிறது. கேத்தலில் எந்தக் குற்றமும் இல்லை. 2000 வாற்றுக் கேத்தல் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கிறது. திரும்பும்போது அதில் நூற்றில் ஒரு பங்கு புவி வழியே போனாலே 80 மில்லியம்பியருக்கு மேல், ட்ரிப் விழ அது தாராளமாகப் போதும். குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடும்போது அந்த ஒரு பங்கு சுமார் 10 மில்லியம்பியர்தான் என்பதால் தப்பிவிடுகிறது.

எல்லாவற்றையும் இறக்கிய பின்னும் ஏன் விழுந்தது என்பதற்கு மணியைப் பாருங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அந்நேரத்தில் ஒழுங்கை முழுவதும் சமைக்கிறது, குளிரூட்டி போடுகிறது, நொதுமல் கம்பிக்கும் உங்கள் வீட்டு மண்ணுக்கும் இடையே சில வோல்ற்று வித்தியாசம் ஏறிவிடுகிறது. 3 வோல்ற்று ஏறி, புவித்தொடுப்பின் தடை 50 ஓம் என்றால் 60 மில்லியம்பியர் பாயும். உங்கள் வீட்டில் ஒரு விளக்குக்கூட எரியத் தேவையில்லை.

பாஸ் பகலில், வெயிலில், டெஸ்டரோடு வந்தார். நொதுமலைத் தொட்டால் டெஸ்டர் ஒளிராது. காய்ந்த சுவரில் தொடுகையும் இராது. அவர் எதையும் காணாததில் வியப்பில்லை. ஆனால் நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு அவரை மீண்டும் வீட்டுப் படியேற விடக்கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பிளக்குகள் அனைத்தையும் கழற்றுங்கள். பொயிண்டின் சுவிட்சை அணைத்தால் போதாது, அதுவும் உயிர்க்கம்பியை மட்டும்தான் வெட்டும். கழற்றிய பின்னும் விழுந்தால், கோளாறு சுவருக்குள் உள்ள வயரிங்கிலோ, நிலையாகப் பொருத்திய விளக்கிலோ, ஹீட்டரிலோ இருக்கிறது. பலகையை நீங்கள் திறக்க வேண்டாம். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரை, மழை பெய்த மாலையில் வரச் சொல்லுங்கள். பிரதான மின்னைத் துண்டித்துவிட்டு, நொதுமல் கம்பிகளைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, புவிக்கம்பிக்கு எதிராக 500 வோல்ற்றில் காப்புத் தடையை (இன்சுலேஷனை) அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாவோமுக்குக் கீழே காட்டும் சுற்றுதான் குற்றவாளி.

தெஹிவளை வாசகி எழுதியது:
என் குளிர்சாதனப் பெட்டிக் கொள்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அதையும் கழற்றியே சோதியுங்கள்.

மூன்றுபின் எழுதியது:
இவ்வளவு சிரமம் எதற்கு? 30க்குப் பதிலாக 100 மில்லியம்பியர் ட்ரிப் போட்டால் இந்தத் தொல்லையே இராது. எங்கள் வத்தளை வீட்டில் பதினாறு வருடமாக அதுதான் இருக்கிறது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

துறைமுகத்தான் எழுதியது:
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இதுவரை ஒருவரும் தொடவில்லை என்று பொருள். 100 மில்லியம்பியர் சுவிட்ச், ஒழுக்கினால் வயர் சூடேறித் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்கு. மனித உயிருக்கு 30தான் எல்லை, ஏனென்றால் அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலினூடாக நீடித்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு தவறிவிடக்கூடும். சிறு பிள்ளையுள்ள வீட்டுக்கு இந்த ஆலோசனையைச் சொல்ல எப்படி மனம் வந்தது?

மூன்றுபின் எழுதியது:
பெரிய வீடுகளில் கணினி, சலவை இயந்திரம், குளிரூட்டி என்று ஒவ்வொன்றும் இயல்பாகவே சிறிது ஒழுகும். எல்லாம் சேர்ந்தால் கோளாறே இல்லாமல் 30 விழுகிறது. அதற்கு உங்கள் புத்தகத்தில் வழி உண்டா?

பழையமீற்றர் எழுதியது:
உண்டு. மூன்றுபின் சொல்லும் சிக்கல் உண்மையானது, ஆனால் அதற்கு அவர் சொல்லும் மருந்து தவறானது. சுற்றுகளை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு 30 போடுவதுதான் முறை. 100 வேண்டுமென்றால் அவற்றுக்கு முன்னால், சற்றுத் தாமதித்து விழும் வகையில், மேலதிகமாக வைக்கலாம். 30ஐ எடுத்துவிட்டு அதன் இடத்தில் 100 வைப்பது வேறு கதை. இன்னொன்றையும் துறைமுகத்தானுக்குச் சொல்ல வேண்டும்: 30 மில்லியம்பியர் சுவிட்ச் இருந்தாலும், ஒரு கையில் உயிர்க்கம்பியையும் மறு கையில் நொதுமலையும் பிடித்தவரை அது காப்பாற்றாது. அதன் கண்ணுக்கு அவர் இன்னொரு கேத்தல்.

கடற்காற்று எழுதியது:
இதற்கெல்லாம் செலவு யார் கொடுப்பது? வாடகைக்கு இருப்பவரா? எங்கள் அனுபவத்தில் வீட்டுக்காரர் முற்பணத்திலிருந்து கழித்துவிட்டார். 1987க்கு அழைத்து மின்சார சபையை வரச் சொல்லலாமே.

பழையமீற்றர் எழுதியது:
சபையின் பொறுப்பு மீற்றரோடு முடிந்துவிடுகிறது. உள்ளே உள்ள வயரிங் வீட்டுக்காரருடையது, சுவருக்குள் இருப்பதைச் சீர்செய்யும் கடமையும் அவருடையதுதான். நேரடியாக இணைக்கலாம் என்று பாஸ் சொன்னதைக் குறிப்பிட்டு, அதற்குச் சம்மதமில்லை என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

ஈரச்சுவர் எழுதியது:
மிக்க நன்றி அண்ணா. பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தது. நாளை மாலை வேறொருவர் வருகிறார். இது சம்பந்தப்பட்டதா என்று தெரியவில்லை, பின் பல்கனியில் வைத்திருக்கும் சலவை இயந்திரத்தை ஈரக் கையால் தொட்டால் விறுவிறு என்று இருக்கும். வந்த நாளிலிருந்தே அப்படித்தான், அதனால் முதலில் எழுதவில்லை.

துறைமுகத்தான் எழுதியது:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! இயந்திரத்தின் பிளக்கை இப்போதே கழற்றுங்கள். மீண்டும் மாட்ட வேண்டாம். பிள்ளையைப் பல்கனிக்கு விடாதீர்கள்.

பழையமீற்றர் எழுதியது:
இம்முறை துறைமுகத்தானோடு முழுமையாக உடன்படுகிறேன். இது வேறொரு கோளாறு, மற்றதைவிடப் பெரியது. சலவை இயந்திரங்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) உயிர்க்கம்பிக்கும் உடலுக்கும், நொதுமலுக்கும் உடலுக்கும் இடையே இருக்கும். புவிக்கம்பி சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும், கைக்குத் தெரியாது. புவிக்கம்பி அறுந்திருந்தால் இயந்திரத்தின் உடல் 230இல் பாதியளவு, ஏறக்குறைய 115 வோல்ற்றில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் இப்போதைக்கு விறுவிறுப்போடு நிற்கிறது. நாளை உள்ளே உயிர்க்கம்பி உடலைத் தொட்டால், ட்ரிப் விழுவதற்கு மண்ணுக்குப் போகும் பாதை உங்கள் கையாகத்தான் இருக்கும்.

அந்தப் பொயிண்ட் பின்னாளில் இரண்டு கம்பி வயரால் நீட்டப்பட்டதாக இருக்கலாம். வருபவரிடம் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மண்ணில் அடித்திருக்கும் புவிக் கோலின் தடையையும் அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லியம்பியர் சுவிட்சுக்குக் கணக்குப்படி 1667 ஓம் வரை போதுமென்றாலும், காய்ந்த காலத்திலும் நம்பத்தக்கதாக இருக்க 200 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. சோதனைப் பொத்தானை அழுத்தி ட்ரிப் விழுந்தால் புவியும் சரி என்று எண்ணிவிடாதீர்கள், அந்தப் பொத்தான் புவிக்கம்பியைச் சோதிப்பதில்லை.

தெஹிவளை வாசகி எழுதியது:
சகோதரி, நேற்று ஆள் வந்தாரா? அம்மாவின் மருந்து என்ன ஆயிற்று?

கடற்காற்று எழுதியது:
மூன்று நாளாகிவிட்டது. உப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஈரச்சுவர் எழுதியது:
வேலை நெருக்கடி, மன்னிக்கவும். வெளிப்படிக்கட்டு விளக்கு. அதன் இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் இறங்கி நொதுமல் கம்பி கூட்டில் ஒட்டியிருந்தது. கீழ்வீட்டாரும் பயன்படுத்தும் அந்த விளக்கு இத்தனை நாளும் எங்கள் மீற்றரில் ஓடியிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது துண்டித்துவிட்டார்கள், இரண்டு மழைக்கு ட்ரிப் விழவில்லை. மருந்து பத்திரம். எல்லோருக்கும் நன்றி.

மூன்றுபின் எழுதியது:
மகிழ்ச்சி. படிக்கட்டு விளக்குக்கான பணத்தை வாடகையில் கழியுங்கள்.

பழையமீற்றர் எழுதியது:
நல்லது. பல்கனிப் பொயிண்டைத் திறந்து பார்த்தார்களா? புவிக்கம்பி இருந்ததா?

பழையமீற்றர் எழுதியது:
சகோதரி, சலவை இயந்திரத்தை மீண்டும் மாட்டிவிட்டீர்களா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்.