உதவி: இசை இதழில் ஸ்வரக் குறிப்பு சிதைகிறது, பக்க அமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

தம்புரா

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசை இதழ் கொண்டுவருகிறோம். ஏ4 அளவு, உள்பக்கம் 48, அட்டை தனி, சென்டர் பின், 500 பிரதி. மார்கழி பிறப்பதற்குள் அச்சாகி வந்துவிட வேண்டும். லே-அவுட் என் பொறுப்பு. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் கோயில் மலரும் பள்ளி ஆண்டு மலரும் செய்திருக்கிறேன். இசை இதழ் செய்வது இதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரு நேர்காணல், நான்கு கட்டுரை, சபா நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கின்றன. அதோடு, மாயாமாளவகௌளையில் ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றை முழுவதும் ஸ்வரப்படுத்தி 6 பக்கத்துக்குக் கொடுக்கிறோம். மாணவர்கள் வாங்கப்போவதே அந்த 6 பக்கத்துக்காகத்தான். அங்கேதான் சிக்கல்.

வேர்டில் ஒழுங்காக இருக்கும் தமிழ், இன்டிசைனில் ஒட்டியதும் உடைகிறது. ‘கொ’ என்று வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது. இது ஒன்று.

இதைவிடப் பெரிய தலைவலி ஸ்தாயிப் புள்ளி, அதாவது ஸ்வரத்தின் மேல், கீழ் நிலையைக் காட்டும் புள்ளி. மேல் ஸ்தாயி ஸ-வுக்குத் தலையில் புள்ளி சரியாக நிற்கிறது. ரி, நி இரண்டுக்கும் மட்டும் பக்கத்தில் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று முளைக்கிறது. கீழ் ஸ்தாயிக்குப் புள்ளி வைக்க வழியே தெரியவில்லை.

பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறேன். கட்டுரைகளில் வார்த்தைகளுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை இடைவெளி. ஸ்வர வரியோ ஒரு பத்திக்குள் அடங்காமல் மடிந்துவிடுகிறது, சாகித்யம் (பாட்டின் சொற்கள்) கீழே எங்கோ போய் நிற்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

அச்சுமை

கும்பகோணத்திலிருந்து இப்படி ஓர் இதழ் வருவது கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, அம்மா. டிடிபி வேலையில் எனக்கு முப்பது வருஷம் ஆகிறது. முதல் சிக்கல் சுலபம். பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்று இருப்பதை ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்றுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பத்தி பத்தியாகப் போய் மாற்ற வேண்டாம். எல்லா ஸ்டைலுக்கும் அடிப்படையாக ஒரு ஸ்டைல் வைத்து அதில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அட்டவணைக்குள்ளோ படக்குறிப்பிலோ ஒன்று தப்பிப்போய், அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

இதிலேயே வேலை செய்யுங்கள் என்பது என் யோசனை. ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளும் 1.6 பதிப்பிலிருந்து தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. ஆனால் தேதி நெருங்கும்போது புதிய கருவியைத் தொடாதீர்கள்.

மூன்று பத்தியை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஏ4-இல் மூன்று பத்தி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 53 மி.மீ.தான் கிடைக்கும். ‘பாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ மாதிரி ஒரு சொல் வந்தால் வரியில் பாதி போய்விடும். மீதி இருப்பதை இழுத்து நிரப்பச் சொன்னால் வெள்ளை ஆறுதான் ஓடும்.

எழுத்துரு

ரி, நி-க்கு மட்டும் வட்டம் வருகிறது என்றீர்களே, அதிலேயே காரணம் தெரிகிறது. தட்டச்சு செய்தவர் மேல் ஸ்தாயிப் புள்ளியை மெய்யெழுத்துப் புள்ளியாக அடித்திருக்கிறார். ஸ-வோடு புள்ளி சேர்ந்தால் ‘ஸ்’. அது செல்லுபடியாகும் எழுத்து என்பதால் கணினி ஒன்றும் சொல்வதில்லை. ‘ரி’யில் ஏற்கெனவே இகரக் குறி இருக்கிறது, அதன்மேல் மெய்ப்புள்ளி ஏற முடியாது. தப்பு என்று காட்டத்தான் அந்த வட்டம் வருகிறது. ஆக, உங்கள் ஃபைலில் வட்டம் வராத ஸ, க, ம, ப, த எல்லாமும் தப்பாகத்தான் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

யூனிகோடில் மேலே வைக்க 0307 என்ற எண்ணிலும் கீழே வைக்க 0323 என்ற எண்ணிலும் தனி ஒட்டுப்புள்ளிகள் உண்டு. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இல்லை. இருந்தாலும் தமிழ் எழுத்தின்மேல் எங்கே நிற்க வேண்டும் என்ற நங்கூரம் இருக்காது. புள்ளி பக்கத்து எழுத்தின் தோளில் போய் உட்காரும்.

நிலையான வழி, ஸ்வரத்துக்கென்று ஓர் எழுத்துரு செய்துகொள்வது. ஸ ரி க ம ப த நி ஏழு குறில், ஸா ரீ கா மா பா தா நீ ஏழு நெடில். பதினான்குக்கும் மேல்புள்ளி ஒன்று, கீழ்ப்புள்ளி ஒன்று என்று வரைந்தால் மொத்தம் 28 வடிவங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் அதைத் திறந்து, வேறு பெயர் வைத்து, இந்த 28-ஐயும் சேர்த்து, ‘ஸ’வுக்குப் பின் கூட்டல் குறி அடித்தால் மேல் ஸ்தாயி, கழித்தல் குறி அடித்தால் கீழ் ஸ்தாயி என்று லிகேச்சர் (இரண்டு எழுத்தை ஒரே வடிவமாக்கும்) விதி எழுதினால் போதும். பிறகு எத்தனை இதழ் வந்தாலும் இதே எழுத்துரு கைகொடுக்கும்.

கமகம்

வீணை ஆசிரியை நான். பாடுகிறவர்கள் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். ஸ்வர வரியில் மெய்யெழுத்தே கிடையாது. ஏழும் உயிர்மெய்தான். அதனால் தலையில் புள்ளி பார்த்தால் குழப்பம் வராது என்று தோன்றும். ஆனால் குழந்தைப் பருவத்திலிருந்து புள்ளி என்றால் மெய் என்று பழகிய கண் அது. வேகமாகப் படிக்கும்போது தடுக்கும். புள்ளியைக் கொஞ்சம் சிறிதாக, எழுத்திலிருந்து கொஞ்சம் எட்ட வையுங்கள். மெய்ப்புள்ளி ஒட்டி நிற்கும், ஸ்தாயிப் புள்ளி விலகி நிற்கும் என்று ஒரு பக்கம் படித்ததுமே கண் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் எண்கள். ராக ஸ்வரத்துக்கு ரி₁ க₃ ம₁ த₁ நி₃ என்று கீழெண் போடுவோம். சாகித்யத்தில் வடமொழி, தெலுங்கு ஒலிகளைக் காட்ட க², க³, க⁴ என்று மேலெண் போடுவோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், க₃ என்பது அந்தர காந்தாரம், க³ என்பது ‘கணபதி’யில் வரும் மெல்லொலி. ஓர் எண் கொஞ்சம் கீழே இறங்கினால் அர்த்தமே மாறிவிடும். அதனால் ஸ்வர எண்ணைத் தலைப்பில் ஆரோகண அவரோகணத்தோடு நிறுத்திவிடுங்கள். ராகம் தெரிந்துவிட்ட பிறகு வரிக்கு வரி தேவையில்லை. உள்ளே வருகிற எண்ணெல்லாம் சாகித்யத்தின் மேலெண்ணாக மட்டும் இருக்கட்டும்.

1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் பக்கங்களை ஒரு தடவை பாருங்கள். தெலுங்கு எழுத்துதான், படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்வரத்துக்குமேல் கமகக் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதத்தைக் காட்டும்) குறிகளை எத்தனை பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒரு வரிக்குமேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று புரிந்துவிடும்.

தம்புரா

அச்சுமை அண்ணா, கம்போசரை மாற்றியதும் கொம்பு சரியாகிவிட்டது. மிக்க நன்றி. எழுத்துரு நண்பர் சொன்னது அப்படியே உண்மை. ஃபைலில் தேடிப் பார்த்தேன், 212 இடத்தில் மெய்ப்புள்ளிதான் இருக்கிறது. வட்டம் வந்த இடங்களை மட்டும் திருத்திவிட்டு அனுப்பியிருந்தால் மற்றதெல்லாம் அப்படியே அச்சாகியிருக்கும்.

எழுத்துரு செய்ய ஆசைதான், ஆனால் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு முடிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. இப்போதைக்கு வேறு வழி உண்டா? ஸ்வரமும் சாகித்யமும் நேருக்கு நேர் நிற்பதற்கு என்ன செய்வது? டேப் வைத்துப் பார்த்தேன், ஒன்றைத் தொட்டால் எல்லாம் நகர்கிறது.

அச்சுமை

அட்டவணை போடுங்கள். டேப் வேண்டாம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்கள் பக்க அமைப்பே இதிலிருந்துதான் பிறக்கப்போகிறது.

ஆதி தாளம் 8 அட்சரம். லகு 4, திருதம் 2, இன்னொரு திருதம் 2. அட்சரத்துக்கு 4 ஸ்வர இடம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 32. முப்பத்திரண்டையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். லகுவை ஒரு வரியாகவும் இரண்டு திருதங்களையும் அடுத்த வரியாகவும் வைத்தால் 16, 16 என்று சரிபாதியாக நிற்கும். தாளமே உங்களுக்காக வரியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இப்போது அளவு. ஏ4 அகலம் 210. உள்ளே 22, வெளியே 18 மி.மீ. விட்டால் 170 மிச்சம். கட்டம் ஒன்றுக்கு 10 மி.மீ. வீதம் 16 கட்டத்துக்கு 160. மீதி 10 மி.மீ. தாளக் கோடுகளுக்கு. அதே 170-ஐ இரண்டு பத்தியாக்கினால் 82, நடுவே 6, மறுபடி 82. கட்டுரை இரண்டு பத்தியில் ஓடும், கீர்த்தனை முழு அகலத்தில் வரும், ஓரங்கள் ஒரே கோட்டில் நிற்கும். முதலில் ஸ்வரத்துக்குக் கட்டம் போடுங்கள், பிறகு கட்டுரையை அதற்குள் இறக்குங்கள். நீங்கள் எதிர்ப்பக்கமாகத் தொடங்கியதால்தான் இந்தச் சிரமம்.

புள்ளிக்கு அவசர வழி: ஒவ்வொரு வரிக்கும் அட்டவணையில் நான்கு அடுக்கு வையுங்கள். மேல்புள்ளி, ஸ்வரம், கீழ்ப்புள்ளி, சாகித்யம். புள்ளி அடுக்கு மெல்லியதாக இருக்கட்டும். எல்லாக் கட்டமும் நடுச்சீராக இருந்தால் புள்ளி தானாக ஸ்வரத்தின் தலைக்கு நேரே வரும்.

எழுத்துரு

நல்ல வழி. ஒரு கட்டத்தில் ஒரே ஸ்வரம் இருக்கும்வரை இது தாங்கும். மேற்காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்) ஒரே கட்டத்தில் இரண்டு ஸ்வரம் வரும்போது புள்ளி யாருக்கு என்று தெரியாது. மேற்காலக் கோடும் தலைக்குமேல் வரும், அது புள்ளியோடு மோதும். அந்த இடங்களில் எந்தெந்த ஸ்வரம் வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். ஆறோ ஏழோதான் இருக்கும், அந்த வடிவங்களை மட்டும் நானே வரைந்து தருகிறேன். கோட்டுக்கு அண்டர்லைன் ஆப்ஷனில் ஆஃப்செட்டை மைனஸில் கொடுத்தால் அடிக்கோடு மேற்கோடாகிவிடும். புள்ளிக்குமேல் அது நிற்கும்படி பாருங்கள்.

எழுத்து அளவைப் பொறுத்தவரை, கட்டுரைக்கு 11 பாயின்ட், வரி இடைவெளி 16. இன்டிசைன் தானாகக் கொடுக்கும் 120 சதவீதம் தமிழுக்குப் போதாது. மேலே இகரச் சுழியும் கீழே உகர வாலும் இடித்துக்கொள்ளும். தலைப்பில் எழுத்துகளுக்கு இடையே டிராக்கிங் கூட்டாதீர்கள், கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். கீர்த்தனைப் பெயரைச் சாய்வெழுத்தில் போடவும் வேண்டாம். தமிழுக்கு அசல் சாய்வெழுத்து மரபு இல்லை, மென்பொருள் வலுக்கட்டாயமாகச் சாய்ப்பது அழகாக இருக்காது. ஒற்றை மேற்கோள் குறி போதும்.

தலைப்புக்கு எந்த எழுத்துரு எடுத்தாலும் முதலில் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஹ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். இசை இதழில் இவை இல்லாத பக்கமே இருக்காது.

கமகம்

கீர்த்தனைப் பக்கத்தை எங்கிருந்து படிப்பார்கள் என்று யோசித்தீர்களா? கையில் பிடித்துப் படிக்கமாட்டார்கள். தரையில் வைத்துவிட்டு, சம்மணம் போட்டு, தாளம் போட்டுக்கொண்டே குனிந்து பார்ப்பார்கள். ஸ்வரம் 14 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். பக்கம் புரட்டும்போது தாளம் போடுகிற கை நிற்கும். அதனால் இடது பக்கத்தில் தொடங்குங்கள். 22-இல் தொடங்கினால் 22-23, 24-25, 26-27 என்று மூன்று விரிப்பு. 48 பக்க இதழில் நடுப்பக்கம் 24-25. பின் அடித்த இடத்தில் இதழ் தட்டையாகத் திறந்து கிடக்கும். அனுபல்லவியின் சங்கதிகள்தான் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) அடர்த்தி என்றால், அவை அங்கே வரட்டும்.

அச்சுமை

டீச்சர் சொன்னதை அப்படியே செய்யுங்கள், அம்மா. இன்னும் சில விஷயம். கட்டுரையாளர்கள் பழைய எழுத்துருவில் அனுப்பியதை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால், ‘கௌ’ வரும் இடமெல்லாம் தேடிப் பாருங்கள். கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மாயாமாளவகௌளை, கௌரிமனோகரி, கௌளிபந்து என்று உங்கள் இதழ் முழுக்க அந்த எழுத்துதான்.

வரியில் நீளமான சொல்லை உடைக்க வேண்டுமானால் ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ வையுங்கள், தமிழுக்குத் தேவையில்லாத சிறுகோடு வராது. ஆனால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது.

கச்சேரிப் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பக்கப் படத்துக்கு 2480-க்கு 3508 பிக்சலாவது வேண்டும். அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். எழுத்து எல்லாம் தனிக் கறுப்பில் இருக்கட்டும். நாலு நிறம் கலந்த கறுப்பில் அடித்தால், ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் புள்ளிகள் நிழல் தட்டும்.

தம்புரா

கமகம் டீச்சர், அச்சுமை அண்ணா, எழுத்துரு நண்பர், மூவருக்கும் நன்றி. கட்டம் போட்டு ஆறு பக்கமும் முடித்துவிட்டேன். எழுத்துரு நண்பர் அனுப்பிய ஏழு வடிவங்களும் மேற்கால வரிகளில் அழகாக உட்கார்ந்துவிட்டன.

நேற்று லேசர் பிரின்ட் எடுத்து, என் குருவின் முன்னால் தரையில் விரித்து வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, தாளத்தைத் தொடங்கிப் பல்லவியிலிருந்து பாடினார்கள். இரண்டாவது விரிப்பில் ஓர் இடத்தில் நின்றார்கள். மந்தர (கீழ் ஸ்தாயி) நி-யின் புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லையாம். இன்னும் எவ்வளவு பெரிதாக்கலாம்?

அச்சுமை

புள்ளியின் விட்டம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத அச்சுத் தாளில் மை கொஞ்சம் பரவும், லேசர் பிரின்ட்டில் இருப்பதைவிடச் சற்றுத் தடித்துத்தான் விழும். மேலே 1.4 பாயின்ட், கீழே 1.6 பாயின்ட் வைத்துப் பாருங்கள். கீழ்ப்புள்ளி சாகித்யத்துக்கு நெருக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் வேண்டும். சாகித்யத்தையும் 1 மி.மீ. கீழே இறக்குங்கள்.

தம்புரா

0.9 வைத்திருந்தேன், அண்ணா. நீங்கள் சொன்னபடி மாற்றி, சாகித்யத்தையும் இறக்கிவிட்டேன். இன்று காலை மறுபடி தரையில் வைத்தோம். ஆறு பக்கமும் நிற்காமல் பாடி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை பிளேட் போடுகிறோம்.