ஜன்னலில் ஒட்டிய ஃபிராஸ்டட் ஸ்டிக்கரைக் கண்ணாடி கீறாமல் எடுப்பது எப்படி?

கேள்வி – அஸ்தம்பட்டி, சேலம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருக்கும் மாடியில், ஓர் அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றும் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்றும் உள்ளன. எதிர் வீட்டிலிருந்து உள்ளே தெரியாமல் இருப்பதற்காக, 9 ஆண்டுகளுக்கு முன் இரண்டிலும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய ஃபிராஸ்டட் ஸ்டிக்கரை ஒட்டினோம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் என் மாமியாரை இப்போது அந்த அறைக்கு மாற்றியிருக்கிறோம். ஏற்காடு மலையைப் பார்த்தே வளர்ந்தவர் என்பதால், மலை தெரியவில்லை என்று தினமும் வருந்துகிறார்.

வடக்கு ஜன்னலில் ஓரத்தை நகத்தால் நெம்பினால் ஸ்டிக்கர் தோல் போல உரிகிறது. மேற்கு ஜன்னலிலோ நகக்கண் அளவுத் துண்டுகளாக உடைந்து, பசை அப்படியே தங்கிவிடுகிறது. பொறுமையிழந்து சவர பிளேடால் வெறும் கண்ணாடியில் சுரண்டியதில் ஒரு மூலையில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. சட்டம் பிரெஞ்சு பாலிஷ் போட்ட தேக்கு. தின்னரைப் பயன்படுத்தலாமா? ஒரே ஸ்டிக்கர் ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

மறுமொழி 1 – செவ்வாய்ப்பேட்டை, கண்ணாடி பொருத்தும் தொழில்

அம்மா, காரணம் மேற்கு வெயில்தான். இவ்வகை ஸ்டிக்கர் பெரும்பாலும் பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் மென்மையூட்டிகள் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் வெளியேறிவிடுகின்றன. புற ஊதாக் கதிரும் சேர்ந்து தாக்குவதால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைகிறது.

வடக்கு ஜன்னலுக்கு ஹேர் டிரையர் ஒன்றே போதும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் பசை இளகும். பிறகு மேல் மூலையிலிருந்து, ஸ்டிக்கரைத் தங்கள் பக்கம் இழுக்காமல், கண்ணாடியை ஒட்டியே மடக்கிக் கீழ்நோக்கி மெதுவாக உரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் பிளாஸ்டிக் மட்டும் வந்து பசை நின்றுவிடும்.

மேற்கு ஜன்னலில் பிளாஸ்டிக்கையும் பசையையும் தனித்தனி வேலையாகவே செய்ய வேண்டும். பிவிசி வழியே தண்ணீர் இறங்காது என்பதால், ஸ்டிக்கர் மீது சோப்புத் தண்ணீரை எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை. முதலில் சூடு காட்டி, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் துண்டுகளை நீக்கிவிடுங்கள். பசை வெளியே தெரிந்த பின், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் நனைத்த செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டி, காய்ந்துவிடாதபடி மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு புதிய பிளேடை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்து, ஈரம் குறையாமல் முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னோக்கி இழுத்தால் அடியில் சிக்கிய மணல் துகள் கண்ணாடியைக் கோடு போட்டுவிடும். எங்கள் வேலையில் பார்த்த கீறல்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

அதற்கு முன் கண்ணாடியின் மூலைகளில் சிறிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டஃபன்ட் கண்ணாடியாக இருக்கலாம். சூடேற்றிப் பதப்படுத்தும்போது அதன் மேற்பரப்பில் நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொள்வதுண்டு. பிளேடு அவற்றை இழுத்துச் சென்று கீறும். அதில் பிளேடே வேண்டாம்.

தின்னரைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தங்கள் பாலிஷ் கரைந்துவிடும். படுக்கையில் ஒருவர் இருக்கும் அறையில் அந்த நெடியும் ஆகாது, தீப்பற்றும் அபாயமும் உண்டு.

மறுமொழி 2 – ஏற்காடு

ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. சானிடைசரால் பசை எளிதில் இளகும் என்று பலர் சொல்வார்கள்; உண்மைதான். ஆனால் பிரெஞ்சு பாலிஷ் என்பது ஆல்கஹாலில் கரைத்த அரக்கு. சானிடைசரிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது என்பதால், ஒரு துளி சட்டத்தில் வழிந்தாலும் பாலிஷில் வெள்ளைத் திட்டு விழும். சட்டத்தின் மீது ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, துணியில் தொட்டுக் கண்ணாடியின் நடுப்பகுதியில் மட்டும் தடவலாம். அப்போது ஹேர் டிரையர் அணைந்தே இருக்க வேண்டும். சட்டத்தை ஒட்டிய ஓரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் பாதுகாப்பானது. தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சோப்பால் கழுவிவிடுங்கள்.

இங்கே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் காலைகளில் கண்ணாடி மிகவும் குளிர்ந்திருக்கும். அப்போது ஓரிடத்தில் மட்டும் சூடு காட்டி ஒரு கண்ணாடியை விரிசல் விட வைத்தவள் நான். சேலத்தில் அவ்வளவு குளிர் இல்லையென்றாலும், வெயில் ஏறிய பிறகு தொடங்குவதே நல்லது.

கேள்வி கேட்டவர் – 10 நாள்களுக்குப் பின்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்கு ஜன்னல் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மேற்கு ஜன்னலுக்கு மூன்று மாலைகள் ஆயின. கண்ணாடியில் முத்திரை இல்லாததால் ஐயா சொன்னபடியே பிளேடைப் பயன்படுத்தினேன். செய்தித்தாளை இருமுறை ஊறவைத்த இடங்களில் பசை கூழாகத் திரண்டு வந்தது. நான் முன்பு போட்ட கீறல்கள் இன்னும் தெரிகின்றன. நகத்தால் தடவினால் தட்டவில்லை. அவற்றை நீக்க முடியுமா?

மறுமொழி 1

நகத்தில் தட்டாத கீறல் என்றால், கண்ணாடியை மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் துணியால் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும். ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் அந்த இடத்தில் காட்சி நெளிந்து தெரியும். மூலையில்தான் கீறல் என்கிறீர்கள். மலை தெரியும் பகுதியை அது மறைக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மறைக்கவில்லை, ஐயா. கீறல் இருப்பது மேற்கு ஜன்னலில். மலை தெரிவது வடக்கு ஜன்னலில். அத்தை கட்டிலை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். நேற்று மாலை முகட்டில் மேகம் இறங்குவதைப் பார்த்து, மாடியில் காயும் துணிகளை எடுத்துவிடும்படி அவர்தான் எனக்கு நினைவூட்டினார்.