யுஎஸ்பி கழன்று மாட்டினால் கெர்னல் விழுகிறது

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். இன்டெல் மினி பிசி, லினக்ஸ் கெர்னல் 6.6, இன்வெர்ட்டர் பேட்டரியைக் கண்காணிக்க நானே எழுதிய யுஎஸ்பி டிரைவர். 6.1இல் தொல்லையே இல்லை. இப்போது மின்வெட்டில் யுஎஸ்பி கருவி அணைந்து திரும்பினால், சில மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை).

மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, ரேம் சுத்தம். கேஸான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கெர்னல் வசதி) போட்டால் எல்லாம் மெதுவாகி, பிழை ஒளிந்துகொள்கிறது (கெட்டிக்காரப் பிழை!). அதே வேலையை இலேசாகச் செய்யும் கேஃபென்ஸிலும் சிக்கவில்லை. விடுவித்த நினைவகத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும் ஸ்லப் டீபக் மட்டும் ஒரு தடயம் தந்தது: வரிசையாக 6பி 6பி என்று இருக்க, நடுவில் ஒரே ஒரு பைட் 6ஏ. அதாவது விடுவித்த பிறகும் யாரோ ரெஃப்கவுன்ட்டில் (அதை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கையில்) ஒன்றைக் குறைத்திருக்க வேண்டும். விடுவித்தது டிஸ்கனெக்ட் ஃபங்ஷன்தான், அது பதிவில் தெரிகிறது. அப்புறம் தொட்டது யாரென்று தெரியவில்லை.

முகவரி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முன்கூட்டியே வாட்ச்பாயின்ட் (ஒரு முகவரியைத் தொட்டால் பிடித்துக் காட்டும் பொறி) வைக்க வழியில்லை. கேஸான் இல்லாமல், அந்தக் குறைப்பைச் செய்யும் வரியை எப்படிப் பிடிப்பது?