விழிப்புநிலை மூளை அறுவைக்குக் கோட்டுப் படங்கள் வேணுமுங்க

கோவை, ஈரோடு பக்கம் வரையத் தெரிஞ்சவங்க உதவணும். பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டியை எடுக்கும்போது நோயாளியை விழிக்க வெச்சு, படம் காட்டிப் பெயர் கேட்பாங்க. ஒரு படத்துக்கு 4 நொடி. அப்பவே மூளைமேல் லேசான மின்சாரம் வெப்பாங்க: 60 ஹெர்ட்ஸ் மின்தூண்டல், 1 மில்லியாம்பியரில் தொடங்கி மெல்ல ஏத்துவாங்க. திரும்பத் திரும்ப அதே இடத்தில் பேச்சு நின்னா அங்கே வெட்டக்கூடாது.

சிக்கல் படத்துலதான். வெளிநாட்டுத் தொகுப்புல பனிச்சறுக்குப் பலகை. காங்கேயத்து விவசாயி முந்தின நாள் ஒத்திகையிலேயே பெயர் தெரியாம முழிச்சா அந்தப் படத்தைக் கழிச்சாகணும். மீதி பத்தாது.

ஏர், முறம், தறி நாடா மாதிரி கருப்பு வெள்ளைக் கோட்டுப் படம் போதும். நிழல், எழுத்து வேண்டாம். சட்டியா பானையான்னு இழுக்கிற பொருளும் வேண்டாமுங்க: அந்தத் தயக்கம் மின்சாரத்தாலயான்னு பிரிச்சுப் பார்க்க முடியாது.